அசோகமித்திரனைச் சிரிக்க விடுங்கள்

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போயிருந்தோம். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. எந்தக் கல்லூரியிலும் அது அப்படித்தான் நடந்திருக்கும். பொருள், அசோகமித்திரனின் படைப்புலகம். காலை பத்து மணி தொடங்கி மாலை நான்கரை வரை, நம்முடையதையும் சேர்த்துப் பதினோரு கட்டுரைகள். நாவல்களில் நடுத்தர வர்க்கத்தின் துயரம், சிறுகதைகளில் வறுமை, 'தண்ணீர்' காட்டும் பெண்ணின் அவலம், மாநகர வாழ்வின் நெருக்கடி என்று ஒவ்வொன்றாக வந்தன. மதிய உணவுக்குப் பிறகு துயரம் இன்னும் கூடியது. மேடையோரத்தில் மாலையிட்டு வைத்திருந்த படத்திலிருந்து அரைச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கும், அன்று கட்டுரைகளில் நடமாடிய மனிதருக்கும் உறவு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நம் கட்டுரை கடைசி. 'அசோகமித்திரனின் நகைச்சுவை நாவல்கள்' என்பது தலைப்பு. அமர்வுத் தலைவர் அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, 'நகைச்சுவைன்னா தேவன் இருக்கார், கல்கி இருக்கார், எஸ்.வி.வி. இருக்கார். இவர்கிட்ட ஏன் ஐயா போறீங்க?' என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. அன்றைய நாளின் முதற்சிரிப்பு அது.

அந்த 'ஏன்' என்ற சொல்லுக்கு விடையாகவே இதை எழுதுகிறோம். நமக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை விரித்தும், அவை மரியாதை கருதி விழுங்கியதைச் சற்று உரக்கவும் இங்கே சொல்ல உத்தேசம். அசோகமித்திரன் தமிழின் மிகப் பெரிய நகைச்சுவை நாவலாசிரியர்களில் ஒருவர். தமிழ்த்துறைகளும் சிற்றிதழ் விமரிசனமும் கைகோத்துக்கொண்டு அவரை ஒப்பாரி எழுத்தாளராக மாற்றி வைத்திருக்கின்றன. இதில் அவருக்கு நட்டமில்லை. அவர் 2017 மார்ச் 23 அன்று, நமக்குப் பக்கத்து வேளச்சேரியில், எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போய்விட்டார். அவரை முதன்முதலாக வகுப்பறையில் சந்திக்கிற பிள்ளைகளுக்குத்தான் நட்டம்.

முதலில் வாழ்க்கை. 1931-ல் செகந்தராபாத்தில் பிறந்தவர், இயற்பெயர் தியாகராஜன். தகப்பனார் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட ரயில்வேயில் வேலை பார்த்தவர். தகப்பனார் மறைவுக்குப் பின் 1952-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை. 1966-ல் அதை விட்டு வெளியேறி எழுத்தையே தொழிலாகக் கொண்டார். கணையாழியின் சென்னைப் பொறுப்பை நீண்ட காலம் சுமந்தார். 1996-ல் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இதை மேடையில் சொல்லும்போது நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். தியாகராய நகர் நடேசன் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார் என்ற இடம் வந்ததும் ஒரு பெருமூச்சு தவறாமல் வரும். மிதிவண்டியில் போனார் என்றால் இன்னொன்று. வீட்டில் எழுத இடமில்லாதவர் பூங்காவுக்குப் போய் எழுதினார் என்பது துயரச் செய்தியா? இருக்கலாம். ஆனால் அந்தப் பெஞ்சிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது எதை என்று பெருமூச்சு விடுகிறவர்கள் கேட்பதில்லை. காலை நடைக்கு வந்தவர்கள், வேலையற்றவர்கள், வீட்டில் பேச ஆளில்லாமல் பூங்காவில் அரசியல் பேசும் ஓய்வூதியக்காரர்கள் என்று ஒரு பூங்காவுக்கு வரக்கூடியவர்களை எண்ணிப் பாருங்கள். நகைச்சுவை எழுத்தாளன் ஒருவனுக்கு அதைவிட நல்ல அலுவலக அறை வாய்க்குமா என்ன?

அவரே தம் வாழ்க்கையை எப்படிச் சொன்னார் என்று பார்ப்போம். ஜெமினி நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நினைவுகள் 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்று நூலாயின. ஸ்டூடியோவில் அவருடைய வேலை, செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற எவருக்கும், இந்த ஆள் நாள் முழுதும் காகிதம் கிழித்துக்கொண்டு சும்மா இருக்கிறான் என்றுதான் தோன்றும். தோன்றியதும் அவர்கள் உள்ளே வந்து தங்கள் குறைகளைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஒப்பனைப் பிரிவில் வங்காளி, மராட்டியர், தார்வாட்டுக் கன்னடர், ஆந்திரர், ஆங்கிலோ-பர்மியர் என்று ஒரு குட்டி இந்தியாவே கூடி, பார்க்கச் சகிக்கிற மனிதர்களைக் கொதிக்கும் விளக்குகளின் கீழ் விகாரமாக்கிக்கொண்டிருந்தது. அரசாங்கம் தேசிய ஒருமைப்பாட்டுக்குத் திட்டம் தீட்டுவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே நிறைவேறிவிட்டது என்பது அவர் கணிப்பு. ஒருநாள் ஆங்கிலக் கவிஞர் ஒருவர் வருகிறார். தமிழ்ச் சினிமா எடுக்கும் இடத்தில் கவிதை எழுதுவதன் வேதனைகளைப் பற்றிப் பேசுகிறார். உச்சரிப்பு ஒருவருக்கும் பிடிபடவில்லை. வந்தவருக்கும் கேட்டவர்களுக்கும் இது எதற்கு என்று விளங்கவில்லை. கை மட்டும் தட்டியாயிற்று. ஸ்டீபன் ஸ்பெண்டர் என்ற அவரை ஏன் அங்கே அழைத்திருக்கக்கூடும் என்பது நம் ஆளுக்குத் தெளிவாவது பல ஆண்டுகள் கழித்து, மவுண்ட் ரோடு நடைபாதையில் ஐம்பது பைசாவுக்கு ஒரு பழைய புத்தகம் வாங்கும்போது.

இந்தப் பகுதி 'போயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' என்ற தலைப்பில் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. பாடத்தின் முடிவில் உள்ள பயிற்சி, மனிதர்களின் சிறு அசட்டுத்தனங்களை ஆசிரியர் மென்மையான நகைச்சுவையால் காட்டும் இடங்களைத் தேடி எடுக்கச் சொல்கிறது. ஆக, தமிழ் ஒரெழுத்தும் அறியாத போபால் மாணவனுக்கு அசோகமித்திரன் ஒரு நகைச்சுவை எழுத்தாளர். முதுகலைத் தமிழ் படிக்கும் நம் மாணவிக்கோ அவர் துயரத்தின் தூதர். அந்த ஆங்கிலப் பாடநூலைத் தொகுத்தவர்களை நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நம் பாடத்திட்டக் குழுவுக்கு வந்து ஒரு வேளையாவது உட்காரும்படி கேட்டிருப்போம்.

தமிழ்த்துறைக்காரர்களாகிய நமக்கு இதில் இன்னொரு வெட்கமும் இருக்கிறது. மெய்ப்பாடுகள் எட்டைச் சொல்லத் தொடங்கிய தொல்காப்பியர் நகையைத்தான் முதலில் வைத்தார். அழுகை அதற்கு அடுத்தது. நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகைக்கு நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. எட்டையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்யவைக்கிறோம். அப்புறம் நவீன இலக்கியத் தாள் வந்ததும் முதல் நான்கை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் பின் நான்கோடு மட்டும் அசோகமித்திரனிடம் போகிறோம். வறுமை அவரிடம் இருக்கிறது, இளிவும் இருக்கிறது. யார் இல்லை என்றது? ஆனால் அவருடைய கதையில் வறுமைப்பட்டவன் பெரும்பாலும் பேதையாகவும் இருக்கிறான். இளிவரல் உற்றவன் அதே வாக்கியத்தில் மடமையும் செய்கிறான். இரண்டையும் பிரித்தெடுத்தால் பாதிதான் கையில் தங்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எள்ளலை விளக்கவந்த உரையாசிரியர் பேராசிரியர் அதை இரண்டாக்குகிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. தமிழ் உரைநடையின் நகைச்சுவையை இந்த ஒரு கோட்டை வைத்தே அளந்துவிடலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. புதுமைப்பித்தன் பெரும்பாலும் முதல் வகை. அவர் கந்தசாமிப் பிள்ளையோடு கடவுளையும் ஒரே ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு மேலிருந்து பார்க்கிறார். அந்தப் பார்வையில் கோபம் உண்டு. கல்கி நம் தோளில் கைபோட்டுக் கண்சிமிட்டுகிறவர். தேவன் தம் பாத்திரங்களை அன்போடு கேலி செய்கிற மாமா. துப்பறியும் சாம்பு தடுக்கி விழுந்தாலும் கடைசியில் திருடன் மேலேயே விழும்படி அவர் பார்த்துக்கொள்வார். (தேவனைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். 'மிஸ்டர் வேதாந்தம்' நம் அலமாரியில் இரண்டு பிரதி இருக்கிறது.) அசோகமித்திரன் முழுக்க இரண்டாம் வகை. அவருடைய கதைசொல்லிகளே எள்ளப்படுகிறவர்கள். மேலேறி நின்று பார்க்க அவர்களுக்கு மேடை கிடையாது. நம்மிடம் கண்சிமிட்டவும் அவர்களுக்கு நேரமில்லை, பஸ் போய்விடும்.

அதனால்தான் அந்தச் சிரிப்பு பலருக்குக் காதில் விழுவதில்லை. அது முன்னறிவிப்போடு வருவதில்லை. எந்த வாக்கியமும் 'இதோ நகைச்சுவை' என்று கையைத் தூக்குவதில்லை. ஜோக்கை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து, 'இவர் வறட்சியாக எழுதுகிறார்' என்று திரும்பிவிடுகிறார்கள். துயரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் துயரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முன்னவர்களையாவது மன்னிக்கலாம்.

'ஒற்றன்!' நாவலை எடுத்துக்கொள்வோம். 1985-ல் வந்தது. தலைப்பிலேயே ஒரு வியப்புக்குறியை வைத்த நாவல் இது. நம் கட்டுரையாளர்களில் பாதிப்பேர் அதை அச்சுப்பிழையென்று நினைத்தோ என்னவோ விட்டுவிட்டே எழுதுகிறார்கள். 1973-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துச் சர்வதேச எழுத்தாளர் பயிற்சித் திட்டத்துக்குப் போய் ஏழு மாதம் தங்கியிருந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. பல தேசத்து எழுத்தாளர்களை ஒரே கட்டிடத்தில் குடிவைத்தால் என்ன ஆகும்? உலக இலக்கியம் உருவாகும் என்று அழைத்தவர்கள் நம்பியிருக்கக்கூடும். நாவலில் உருவாவது சமையலறைச் சிக்கல், குளிர், மனத்தாங்கல், அடுத்தவர் மேல் சந்தேகம், தனிமை. பெரு நாட்டு எழுத்தாளர் பிராவோ தாம் எழுதப்போகிற நாவலுக்குப் பொறியாளர்போல வரைபடம் போட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்த்து நிற்கிற தமிழ் எழுத்தாளனுக்கு, நாமும் இத்தனை ஆண்டு எழுதிக்கொண்டுதானே இருந்தோம், நம்மிடம் ஒரு கோடுகூட இல்லையே என்ற திகைப்பு. எழுத்தாளர் என்ற பிறவியைப் பற்றித் தமிழில் இவ்வளவு இரக்கமற்ற, இவ்வளவு பிரியமான கேலி வேறில்லை. எத்தியோப்பியாவின் அபே குபேக்னா வருகிற பக்கங்களை வாசிக்கும்போது நாம் சிரித்துக்கொண்டே போவோம். சட்டென்று அந்த மனிதரின் தனிமை எவ்வளவு ஆழம் என்று தெரியும்போது, சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாது. இந்த நாவலை நம் கருத்தரங்கின் பதினோரு கட்டுரைகளில் ஒன்றுதான் தொட்டது. அது எது என்று சொல்லத் தேவையில்லை.

'கரைந்த நிழல்கள்' வேறுவகை. சினிமாத் தொழிலின் சோகம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1969-ல் நூலான அந்நாவலை அதிகாரப் படிக்கட்டு ஒன்றின் நகைச்சுவையாகவே நாம் வாசிக்கிறோம். விடியுமுன் வண்டி எடுத்துக்கொண்டு வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆள் திரட்டுகிற தயாரிப்பு நிர்வாகி நடராஜனிலிருந்து, கடனில் மூழ்கும் படமுதலாளி ரெட்டியார், ஸ்டூடியோ அதிபர் ராம ஐயங்கார் வரை ஒவ்வொருவரும் தமக்கு மேலே இருப்பவரிடம் கெஞ்சுகிறார், கீழே இருப்பவரைத் திட்டுகிறார், பக்கத்தில் இருப்பவரிடம் பொய் சொல்கிறார். மூன்றையும் ஒரே காலையில் ஒரே ஆள் செய்யவேண்டியிருப்பதுதான் அங்கே வேடிக்கை. பின்னொரு கட்டத்தில், நடராஜன் பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்துவிட்ட செய்தி, போகிற போக்கில், யாரோ வேறெதையோ பேசும்போது வந்து விழுகிறது. அதற்கென்று தனி அத்தியாயம் கிடையாது, கண்ணீர் கிடையாது. முதல் அத்தியாயத்தில் நடராஜனின் ஓட்டத்தைப் பார்த்துச் சிரிக்காத வாசகருக்கு அந்த ஒற்றைச் செய்தி வெறும் தகவல். சிரித்தவருக்கு அது அறை.

இங்கேதான் நமக்கு வரக்கூடிய வலுவான மறுப்பையும் எதிர்கொள்ளவேண்டும். 'எளியவர்களின் கஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறீர்களா?' என்று கருத்தரங்கிலேயே ஒரு இளம் ஆய்வாளர் எழுந்து கேட்டார். நல்ல கேள்வி. அவர் கோபமும் நியாயமானது. விடையை நாம் சொல்வதைவிட 'புலிக் கலைஞன்' சொல்வது மேல். சினிமா அலுவலகத்துக்கு வேலை கேட்டு ஒருவன் வருகிறான். 'டகர் பாயிட்' காதர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். என்ன பாயிட் என்று யாருக்கும் புரியவில்லை. வேலையில்லாத பிற்பகலில் அலுவலகத்தாருக்கு அவன் ஒரு பொழுதுபோக்கு. வாசிக்கிற நாமும் அவர்களோடு உட்கார்ந்து சிரிக்கிறோம். அப்புறம் அவன் புலித்தலையை மாட்டிக்கொண்டு பாய்கிறான். அந்த அறைக்குள் புலி வந்துவிடுகிறது. சிரித்தவர்கள் உறைந்துபோகிறார்கள், நாமும்தான். இந்தக் கதையில் காதருக்காக முதல் வரியிலிருந்தே கண் கலங்குகிற வாசகர் மிக நல்லவராக இருக்கலாம். ஆனால் அவருக்கு அந்தப் புலி கிடைக்காது. முன்பே அவர் காதரை ஏழை என்று முடிவு கட்டிவிட்டார். ஏழைக்குள் புலி இருக்கும் என்று எதிர்பார்க்க அவருக்கு அவகாசமே இல்லை. இரக்கமும் ஒருவகையில் மேலேயிருந்து பார்ப்பதுதான். அசோகமித்திரன் நம்மைச் சிரிக்கவிட்டுப் பிறகு பிடிக்கிறார். அவருடைய அறம் அங்கே இருக்கிறது.

1977-ல் வந்த '18வது அட்சக்கோடு' நாவலிலும் இதே கணக்குத்தான், அளவு பெரிது. லான்சர் பாரக்ஸில் குடியிருக்கும் சந்திரசேகரன் கல்லூரி மாணவன். ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று வரலாறு கொதித்துக்கொண்டிருக்கும்போது அவனுக்குக் கிரிக்கெட் கவலை, சைக்கிள் கவலை, வீட்டு மாட்டுக்குத் தீனிக் கவலை. ரஜாக்கர்கள் ஊர்வலம் போகிறார்கள். இவன் தன் விடலைக் குழப்பங்களோடு ஓரமாகப் போகிறான். இளமையும் பேதைமையும் நகையின் நிலைக்களங்கள் என்று சொன்னோமே, அந்த நாவலின் பெரும்பகுதி அவற்றின் மேல்தான் நிற்கிறது. கடைசியில் கலவரத்தில் ஓடி, சுவரேறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் விழுகிறான். அங்கே பதுங்கியிருக்கும் குடும்பம் அவனைக் கண்டு நடுங்குகிறது. தன்னவர்களை விட்டுவிடச் சொல்லி ஒரு பெண் தன் உடையைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். கிரிக்கெட்டைத் தவிர எதையும் தீவிரமாக நினைத்தறியாத அந்தப் பையனைப் பார்த்து! அவனிடம் பயப்படவும் உலகத்தில் ஆள் இருக்கிறது என்பதுதான் அந்தக் காட்சியின் பயங்கரம். இருநூறு பக்கம் அவனைக் கோமாளியாகப் பார்த்துப் பழகாத வாசகர் அங்கே பிரிவினைக் காலத் துயரங்களில் மற்றொன்றைக் காண்பார், அவ்வளவே. பிரிவினைக் கதைகள் இந்தியில் உண்டு, உருதுவில் உண்டு, மகத்தானவை உண்டு. வரலாறு ஒரு அசட்டுப் பையனின் மேல் இப்படி வந்து விழுவது இங்கே உண்டு.

இப்போது நம் குற்றத்துக்கு வருவோம். பிறரைச் சாடியது போதும்.

நாம் குடியிருப்பது முடிச்சூர். தாம்பரத்திலிருந்து மேற்கே போகிற சாலையில், அடையாறு பெருகினால் முதலில் முழுகுகிற ஊர்களில் ஒன்று. 2015 டிசம்பரில் இங்கே தெருவில் படகு ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் யாவும் போயின. அவற்றில் 'தண்ணீர்' நாவலும் ஒன்று. சொல்லும்போதே இது அசோகமித்திரன் எழுதக்கூடிய ஒரு வரி என்று தெரிகிறது. ஆனால் நடந்தது அதுதான். அதற்கப்புறம் சரியாக நான்காம் ஆண்டு, 2019 கோடையில், செம்பரம்பாக்கமும் புழலும் பூண்டியும் சோழவரமும் வற்றின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்தது. படகு வந்த தெருவில் இப்போது லாரிக்காகக் குடம் வரிசையில் நின்றது. எந்தக் குடம் யாருடையது என்பதற்காக ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டால் எண் எழுதியிருந்தார்கள். நம் வீட்டுக் குடம் பதினேழு.

அந்த ஜூலையில் வகுப்பில் 'தண்ணீர்' நடத்திக்கொண்டிருந்தோம். புதிதாக வாங்கிய பிரதி. குழாயில் சாக்கடை கலந்து நீர் நாறுவதும், மக்கள் முறையிடுவதும், அதிகாரத்தில் இருப்பவர்கள் அதற்குச் சொல்கிற பதில்களுமாக வரும் பகுதி. நாம் கனத்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி களுக்கென்று சிரித்துவிட்டாள். கையால் வாயை மூடியும் அடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கும் தொற்றிக்கொண்டது.

நாம் புத்தகத்தை மூடினோம். 'ஜமுனா தற்கொலைக்கு முயன்றவள். அவள் தெருவில் தண்ணியில்ல. இதுல உனக்கு என்னம்மா சிரிப்பு?' என்று கேட்டோம். ஆசிரியர்களுக்கென்று ஒரு குரல் இருக்கிறதல்லவா, அந்தக் குரலில்.

அவள் எழுந்து நின்றாள். 'இல்லீங்க ஐயா... நேத்து எங்க தெருவுல லாரிக்காரரு இதேதான் ஐயா சொன்னாரு. அப்படியே இதே மாதிரி' என்றாள். பிறகு, 'மன்னிச்சிருங்க ஐயா' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பு அமைதியானது. நாம் தொடர்ந்து துயரத்தை நடத்தினோம். அந்த ஆண்டு முழுவதும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. தேர்வில் 'தண்ணீர் நாவல் காட்டும் சமூக அவலங்கள்' என்ற வினாவுக்கு நாம் எதிர்பார்த்த விடையை எழுதி, நாம் எதிர்பார்த்த மதிப்பெண்ணைப் பெற்றுப் போனாள்.

நாற்பதைத் தாண்டிய வயதில், முதுகலைப் பட்டமும் இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியும் கையில் வைத்துக்கொண்டு, அந்த அறையில் அசோகமித்திரனை உள்ளபடி வாசித்த ஒரே ஆளை நாம் மன்னிப்புக் கேட்க வைத்தோம். அவள் ஜமுனாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன் தெருவை அடையாளம் கண்டு சிரித்தாள். எள்ளப்பட்ட இடத்தில் தான் நகுதல் என்று பேராசிரியர் சொன்னதை, அவர் உரையை வாசிக்காமலேயே அவள் செய்துகாட்டினாள். உரையை வாசித்திருந்த நமக்குத்தான் அது விளங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குடம் எண் பதினேழோடு நாமும் நின்றவர்தாமே. அந்த வரிசையில் நடந்த சண்டைகளை வீட்டுக்கு வந்து சொல்லி எத்தனை முறை சிரித்திருக்கிறோம்! வகுப்பறைக்குள் நுழைந்ததும் அதையெல்லாம் வாசலில் கழற்றி வைக்கவேண்டும் என்று நமக்கு யார் சொன்னது?

நம் ஆசிரியர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு அவர்களுடைய ஆசிரியர்கள். சிற்றிதழ்கள் 'தீவிர இலக்கியம்' என்றொரு சொல்லைக் கொடுத்தன. தீவிரம் என்றால் முகத்தை இறுக்கிக்கொள்வது என்று நாம் பொருள் செய்துகொண்டோம். வெகுசன இதழ்கள் சிரிக்கவைத்தன. எனவே சிரிக்கவைப்பது வெகுசனம். இந்தத் தர்க்கம் எவ்வளவு குழந்தைத்தனமானது என்று எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. ஆனாலும் இதன்படிதான் அரை நூற்றாண்டாக எழுத்தாளர்களை வலம் இடம் பிரித்து உட்காரவைத்திருக்கிறோம். ஒரு பக்கம் தேவன், இலக்கிய வரலாற்றில் ஒரு பத்தி. மறுபக்கம் அசோகமித்திரன், சிரிப்பு நீக்கப்பட்ட பதிப்பு.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பதில் சிறு ஆறுதல். செகாவ் 'செர்ரிப் பழத்தோட்டம்' நாடகத்தை இன்பியல் என்றுதான் எழுதினார். சில இடங்களில் கேலிக்கூத்தே என்றும் சொன்னார். 1904-ல் மாஸ்கோ கலை அரங்கில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அதைக் கண்ணீர் நாடகமாக மேடையேற்றினார். செகாவ் கடிதங்களில் புலம்பினார், பயனில்லை, அதே ஆண்டு இறந்தும்போனார். நம்மவர் புலம்பியதாகத் தெரியவில்லை. அவரைச் சந்தித்து இதைக் கேட்டிருக்கலாம். வேளச்சேரி வழியாகப் போகும்போதெல்லாம் ஒருநாள் இறங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கரணை தாண்டி, மேடவாக்கம் தாண்டித் தாம்பரம் வந்து இறங்கியிருக்கிறோம், பல ஆண்டுகள்.

எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம். எல்லா நாவலுக்கும் இது பொருந்தாது. 'மானசரோவர்' நாவலை நகைச்சுவை என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. அதன் இருள் வேறு. சிறுகதைகளில் 'பிரயாணம்' போன்றவையும் அப்படியே. ஆனால் 'எலி' என்ற சிறுகதையை எடுத்துக்கொண்டு இருண்ட கதையென்று யாரும் வாதாட வரவேண்டாம். எலிப்பொறிக்கு வைக்க வடை தேடி அலையும் ஒரு குடும்பத்தலைவனின் கதை, கடைசி வரிகளில் நெஞ்சில் வந்து நிற்கிறதென்றால், அதற்கு முந்தைய பக்கங்களில் அந்த வடை நம்மைச் சிரிக்கவைத்திருக்க வேண்டும்.

கருத்தரங்கு முடிந்து வந்த வாரம், பருவத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு வந்தது. பதினைந்து மதிப்பெண் வினாவாக ஒன்றை எழுதி அனுப்பினோம்: 'டகர் பாயிட் என்று காதர் சொல்லும்போது நீங்கள் சிரித்தீர்களா? கதை முடிந்தபோது அந்தச் சிரிப்பு என்னவாயிற்று?' மூன்றாம் நாள் குழுவிலிருந்து மூத்த பேராசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வினாவை மாற்றிவிட்டதாகவும், 'புலிக் கலைஞன் வழி அறியலாகும் கலைஞர்களின் துயரம்' என்று வைத்திருப்பதாகவும் சொன்னார். தவறாக நினைக்கவேண்டாம் என்றும் சொன்னார்.

'ஏங்க ஐயா, அந்தக் கேள்வியில என்ன குறை?'

'குறையொண்ணுமில்ல. ஒரு பையன் "ஆமாம், சிரித்தேன்"னு மட்டும் எழுதி வச்சான்னா, அதுக்கு எத்தனை மார்க் போடறது, சொல்லுங்க.'

நாம் யோசித்துப் பார்த்தோம். விடைக்குறிப்பில் அதற்கு இடம் விட்டிருக்கவில்லை. மறுமுனையில் அவர் காத்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது யார் என்று இப்போது நினைவில்லை.